மாஞ்சோலை: அந்தக் கைதுக்கு யார் பொறுப்பு?

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் சுலோசன முதலியார் பாலத்தில்தான் தாமிரபரணியைக் கடக்கிறார்கள். பாலம் இறங்கினால் கொக்கிரகுளம். ஆற்றை ஒட்டியே கலெக்டர் ஆபீஸ். மனு கொடுக்க வந்தவர்கள், மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவர்கள், வக்கீல்கள், ஜெராக்ஸ் கடைகள் என்று எந்நேரமும் கூட்டம் இருக்கும் இடம். ஒரு பக்கம் அரசாங்கம், மறுபக்கம் ஆறு, நடுவில் ரோடு. 1999 ஜூலை 23-ம் தேதி பதினேழு உயிர்கள் போனதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். தடியடி தொடங்கியபோது ஓட இருந்த ஒரே வழி ஆறுதான்.

அந்த நாளைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படமும் இருக்கிறது. ஆனால் அன்று அந்த ஊர்வலம் எதற்காக வந்தது என்று கேட்டால் 'கூலி உயர்வு கேட்டு' என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அது பாதிப் பதில். மீதிப் பாதி, அதற்கு முன்பே கைதாகித் திருச்சி மத்திய சிறையில் கிடந்த அறுநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எஸ்டேட் தொழிலாளர்களை விடுவிக்கச் சொல்லி வந்த ஊர்வலம் அது என்பது. கைது நடக்காமல் இருந்திருந்தால் அந்த ஊர்வலமே நடந்திருக்காது. பதினேழு சாவுக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி இன்றுவரை கேட்கப்படுகிறது. அந்தக் கைதுக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வியை ஏனோ யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

முதலில் மலையைப் பற்றிக் கொஞ்சம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி... மணிமுத்தாறு அணைக்கு மேலே இருக்கிற இந்தத் தேயிலைத் தோட்டங்கள் ஒரு காலத்தில் சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமான காடு. 1929-ல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி சுமார் 8,373 ஏக்கரை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. காட்டை வெட்டித் தோட்டம் போட ஆட்கள் கீழேயிருந்து போனார்கள். பெரும்பாலும் நிலமில்லாத தாழ்த்தப்பட்ட சமூகத்து மக்கள். மூன்று, நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே செத்தவர்கள். வீடு கம்பெனியுடையது. ஆஸ்பத்திரி கம்பெனியுடையது. ரிட்டயர் ஆனால் வீட்டைக் காலி செய்துவிட்டு மலையிறங்க வேண்டும். இப்படி எல்லாவற்றுக்கும் கம்பெனியையே நம்பியிருக்கிற ஒருவர் கூலி உயர்வு கேட்டு ஸ்டிரைக் செய்வது சாதாரண விஷயம் இல்லை.

1995 ஆகஸ்டில் கொடியங்குளத்தில் நடந்த போலீஸ் தாக்குதலுக்குப் பிறகு தென் மாவட்டங்களில் வளர்ந்த தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமி. 1996-ல் ஓட்டப்பிடாரத்தில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனவர். அவருடைய புதிய தமிழகம் கட்சி எஸ்டேட் தொழிலாளர்களுக்காகப் போராட்டத்தைக் கையில் எடுத்தது. மலையில் இருந்த பிரச்சினை கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு வந்தது. வந்தவர்களைக் கூட்டமாகக் கைது செய்தார்கள். அதில் பெண்களும் இருந்தார்கள்.

தமிழ்நாட்டில் கைது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். மறியல் செய்வார்கள், போலீஸ் வேனில் ஏற்றும், பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைக்கும், மத்தியானம் சாம்பார் சாதம் பொட்டலம் வரும், சாயங்காலம் ஆறு மணிக்கு 'போய்ட்டு வாங்க' என்று அனுப்பிவிடுவார்கள். கட்சிக்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். மறுநாள் பேப்பரில் 'ஆயிரம் பேர் கைது' என்று செய்தி வந்துவிடும். இரண்டு தரப்புக்கும் திருப்தி! இது எழுதாத ஒப்பந்தம் மாதிரி. எஸ்டேட் தொழிலாளர்கள் விஷயத்தில் இந்த ஒப்பந்தம் நடக்கவில்லை. ரிமாண்ட் செய்து, ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற திருச்சிக்கு அனுப்பினார்கள். தினக்கூலி வாங்குகிற குடும்பத்தில் ஒருவர் திருச்சி ஜெயிலில் இருந்தால், மாஞ்சோலையிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வர பஸ் சார்ஜ் எவ்வளவு, அதற்கு எத்தனை நாள் கூலி போகும் என்று கணக்குப் போட்டால் போதும், அந்தக் கைதின் எடை என்னவென்று தெரிந்துவிடும்.

மண்டபமா ஜெயிலா என்பது ஒரு கான்ஸ்டபிள் எடுக்கிற முடிவு இல்லை. அறுநூறு பேரைக் காவலில் அனுப்புவதற்கு வேன் வேண்டும், வழிக்காவல் வேண்டும், சிறையில் இடம் வேண்டும். மேலே யாரோ சரி என்று சொல்லாமல் இது நடக்காது. தமிழ்நாட்டில் போலீஸ் இலாகாவை முதலமைச்சரே வைத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். 1999-ல் முதல்வர் கருணாநிதியிடம்தான் அந்த இலாகா இருந்தது.

அந்தச் சமயத்து அரசியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1996-ல் தி.மு.க.வும் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரசும் ஒன்றாக நின்று ஜெயித்தவை. 1999-ல் தி.மு.க. பா.ஜ.க. பக்கம் போனதும் த.மா.கா. பிரிந்தது. செப்டம்பர், அக்டோபரில் லோக்சபா தேர்தல். புதிய தமிழகம் த.மா.கா. அணியில் சேர்ந்தது. ஆக, ஜூலை 23-ல் ஜங்ஷன் பக்கமிருந்து பாலத்தைத் தாண்டி வந்தது வெறும் தொழிலாளர் ஊர்வலம் மட்டும் இல்லை, தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்னால் எதிரணியின் ஊர்வலமும்கூட. கிருஷ்ணசாமியோடு த.மா.கா. தலைவர்களும் வந்தார்கள். ஆளும்கட்சிக்கு அதைப் பார்க்கப் பிடித்திருக்காது. இதைச் சொல்வதால் அந்தத் தொழிலாளர்களின் கோரிக்கை ஒன்றும் சிறுத்துப் போகாது.

கலெக்டர் ஆபீசுக்கு முன்னால் ஊர்வலத்தை நிறுத்தினார்கள். வாக்குவாதம், தள்ளுமுள்ளு. கூட்டம் கல்லெறிந்தது என்பது போலீஸ் தரப்பு. காரணமே இல்லாமல் அடித்தார்கள் என்பது ஊர்வலத்தார் தரப்பு. தடியடி நடந்தது. ஜனங்கள் ஆற்றுப் பக்கம் ஓடினார்கள், இறங்கினார்கள். ஜூலை மாதம், மேலே மலையில் சாரல் விழுகிற காலம். ஆற்றுக்குள் நின்றவர்கள் மீதும் அடி விழுந்ததைக் காட்டும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. பதினேழு பேர் செத்தார்கள். இரண்டு பெண்கள். ஒரு கைக்குழந்தை.

அதற்குப் பிறகு நடந்த விவாதம் முழுவதும், மூழ்கிச் செத்தார்களா அடிபட்டுச் செத்தார்களா என்பதைச் சுற்றியே போயிற்று. பிரேதப் பரிசோதனை, தண்ணீர் ஆழம், காயங்கள்... இவை முக்கியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 'மூழ்கியதால் மரணம்' என்று எழுதினாலும் நீச்சல் தெரியாதவர்களை ஆற்றை நோக்கி ஓட வைத்தது எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே!

உச்சநீதிமன்ற முன்னாள் நீதிபதி எஸ்.மோகன் தலைமையில் விசாரணைக் கமிஷன் போடப்பட்டது. அறிக்கையும் வந்தது. அது போலீஸ் பக்கம் சாய்ந்த அறிக்கை என்று சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பேசிய இயக்கங்கள் அதை ஏற்கவில்லை. இந்தச் சம்பவத்துக்காக எந்த அதிகாரியும் ஜெயிலுக்குப் போகவில்லை, எந்த மந்திரியும் பதவி விலகவில்லை.

ஒரு நீதிபதி எப்படி எழுதினார் என்பதைவிட, கமிஷன் என்ற ஏற்பாடே எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. 1952-ம் வருட விசாரணைக் கமிஷன் சட்டப்படி, கமிஷனை நியமிப்பது அரசு. எதை விசாரிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதும் அரசு. அறிக்கை போய்ச் சேருவதும் அரசிடம். ஆறு மாதத்துக்குள் சட்டசபையில் வைக்க வேண்டும், கூடவே என்ன நடவடிக்கை எடுத்தோம் என்ற குறிப்பையும் வைக்க வேண்டும், அவ்வளவுதான். கமிஷன் சொல்வது யாரையும் கட்டுப்படுத்தாது என்று 1958-லேயே டால்மியா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஒரு சாதாரண கம்பெனியில்கூட ஆடிட்டரை நியமிக்கும் அதிகாரம் பங்குதாரர்களிடம் இருக்கிறது, கணக்கு எழுதுகிற மேனேஜரிடம் விட்டுவிடுவதில்லை. பதினேழு உயிர் விஷயத்தில் அந்த அளவு எச்சரிக்கைகூட சட்டத்தில் இல்லை.

சரி, கமிஷன் வேண்டாம், நேராகக் கோர்ட்டுக்குப் போகலாமே என்றால், அங்கேயும் ஒரு கதவு. 1999-ல் அமலில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 129-வது பிரிவு சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கப் பலப்பிரயோகம் செய்யலாம் என்கிறது. 132-வது பிரிவு, அப்படிக் கலைத்தவர்கள் மேல் மாநில அரசின் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது என்கிறது. பதவியில் இருக்கும் அதிகாரிகளுக்கு 197-வது பிரிவு தனியாக இருக்கிறது. 2024 ஜூலை முதல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பிரிவு எண்கள் 148, 151, 218 என்று மாறின. கதவு மாறவில்லை. ஆக, உத்தரவு கொடுத்த அரசுதான் விசாரிக்க ஆள் போடும், அறிக்கையை வாங்கிக்கொள்ளும், வழக்குப் போடலாமா என்றும் முடிவு செய்யும். எல்லாப் பேப்பரிலும் ஒரே கையெழுத்து.

அப்படியானால் மிச்சம் இருப்பது தேர்தல். ஜனங்கள் ஓட்டுப் போட்டுக் கணக்கைத் தீர்த்துக்கொள்வார்கள் என்றுதானே பாடப் புத்தகத்தில் படிக்கிறோம்? 1999 தேர்தலில் தி.மு.க. இருந்த அணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 26-ல் ஜெயித்தது. த.மா.கா. அணிக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2001 சட்டசபைத் தேர்தல் இன்னும் விசித்திரம். ஊர்வலத்தில் ஒன்றாக வந்த இரண்டு கட்சிகளும் பிரிந்தன. த.மா.கா. அ.தி.மு.க. பக்கம் போனது. புதிய தமிழகம் தி.மு.க. கூட்டணியில் சேர்ந்தது! ஆம், அதே தி.மு.க.தான். இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அந்தத் தேர்தலில் தி.மு.க. தோற்று ஆட்சி மாறியது என்பது வேறு கதை, அதற்கான காரணங்களும் வேறு. ஒரு கட்சியைக் குறை சொல்வது எளிது. சிறிய கட்சிகள் உயிர் பிழைக்க வேண்டும் என்றால் இரண்டு பெரிய குடைகளில் ஒன்றுக்குக் கீழே நிற்க வேண்டிய நிலை அன்று இருந்தது. ஆனால் ஆற்றில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு அந்தத் தேர்தலில் எந்தச் சின்னத்தில் குத்தினால் கணக்குத் தீரும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இதே 1999-ல், கொக்கிரகுளம் சம்பவத்துக்கு நான்கு மாதம் கழித்து, அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் உலக வர்த்தக அமைப்பின் மாநாடு நடந்தது. நவம்பர் 30-ம் தேதி பல்லாயிரம் பேர் எதிர்ப்புத் தெரிவித்துத் தெருவில் இறங்கினார்கள். கண்ணீர்ப்புகை, ஊரடங்கு, நகரின் மையத்தில் போராட்டத் தடை. சுமார் அறுநூறு பேர் கைது. எண்ணிக்கையைக் கவனியுங்கள், திருச்சி ஜெயிலில் இருந்தவர்களின் எண்ணிக்கைக்கு மிக அருகில் வருகிறது. அங்கே யாரும் சாகவில்லை. ஆனாலும் ஒரே வாரத்தில் போலீஸ் தலைவர் நார்ம் ஸ்டாம்பர் பதவி விலகுவதாக அறிவித்தார். நகர சபையே ஒரு பொறுப்பு ஆய்வுக் குழுவைப் போட்டு 2000-ல் அறிக்கை வெளியிட்டது. மேயர் பால் ஷெல் 2001 தேர்தலில் முதல் சுற்றிலேயே தோற்றார். பூங்காவில் சும்மா நின்றிருந்தவர்களைக் காரணமின்றிக் கைது செய்தது தவறு என்று 2007-ல் ஜூரி சொல்லியது. சுமார் 175 பேருக்காக நகரம் பத்து லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. மேயர், போலீஸ் தலைவர், நகர சபை எல்லாம் ஒரே ஊருக்குள் இருப்பதால் யாரைக் கேட்பது என்பதில் அங்கே குழப்பம் இல்லை. நெல்லையில் மேயருக்கும் போலீசுக்கும் சம்பந்தமே கிடையாது. கேட்க வேண்டும் என்றால் சென்னையில் கோட்டைக்குப் போக வேண்டும்.

வெள்ளைக்காரன் நாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று இதற்கு அர்த்தம் இல்லை. 2001 ஜூலையில் இத்தாலியின் ஜெனோவாவில் நடந்த ஜி-8 மாநாட்டில் ஒரு இளைஞர் போலீஸ் துப்பாக்கியால் செத்தார். டயஸ் என்ற பள்ளிக்கூடத்தில் ராத்திரி படுத்திருந்தவர்களைப் போலீஸ் புகுந்து அடித்தது, 93 பேரைக் கைது செய்தது. மூத்த அதிகாரிகளின் தண்டனை உறுதியாக 2012 வரை ஆயிற்று. 2015-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது சித்திரவதைதான் என்று தீர்ப்புச் சொன்னபோது, இத்தாலியில் சித்திரவதையைக் குற்றம் என்று சொல்லும் சட்டமே இல்லை என்பதும் சேர்ந்து வெளியே வந்தது. 2017-ல் சட்டம் போட்டார்கள். இந்தியா சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் 1997-ல் கையெழுத்துப் போட்டது. கையெழுத்தோடு சரி, உறுதி செய்யவில்லை.

தாமிரபரணிக் கரைக்கே திரும்பலாம். இந்த ஊருக்குக் கூட்டக் கைது புதிதில்லை. 1908 மார்ச் 12-ல் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா, பத்மநாப அய்யங்கார் மூவரையும் கலெக்டர் விஞ்ச் கைது செய்ய, மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். பலர் கைதாகித் தண்டனை பெற்றார்கள். யாரும் அரசாங்கத்தைக் கணக்குக் கேட்கவில்லை, அரசாங்கம்தான் ஊரைக் கணக்குக் கேட்டது! திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டப் போலீஸை நிறுத்தி, அதற்கான செலவை ஊர்க்காரர்கள் தலையிலேயே வரியாகக் கட்டினார்கள். சுட்டதற்கும் ஜனங்களே பில் கட்ட வேண்டிய காலம். அன்னிய ஆட்சியில் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? 1999-ல் நடந்தது அன்னிய ஆட்சி இல்லை.

இதே ஆறு கடலில் சேரும் பக்கத்தில், 2018 மே 22-ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் போராட்டத்தின் நூறாவது நாள். மறுபடியும் கலெக்டர் ஆபீசை நோக்கித்தான் ஊர்வலம். இந்த முறை துப்பாக்கி. பதின்மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. அதில் ஒரு வித்தியாசம் இருந்தது. பதினேழு போலீசார் மீதும் அன்றைய கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னதோடு நிற்கவில்லை. டிவியைப் பார்த்துத்தான் சம்பவம் தனக்குத் தெரியும் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சொன்னது சரியல்ல, அதிகாரிகள் அவருக்கு உடனுக்குடன் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று அறிக்கை எழுதியது. போலீஸ் இலாகாவைக் கையில் வைத்திருந்த முதல்வருக்கு அப்போது என்ன தெரியும் என்ற கேள்வியை ஒரு கமிஷன் நேராகவே எடுத்துப் பதில் எழுதியது. மாஞ்சோலைக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். ஆனால் அறிக்கை வந்தபோது ஆட்சி மாறியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அடுத்த கட்சியின் முதல்வரைப் பற்றிய பக்கத்தைச் சபையில் வைப்பதில் எந்த அரசுக்கும் கஷ்டம் இருக்காது.

புகார் சொல்லத் தனி அமைப்பு வேண்டும் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. தமிழ்நாடு 2013-ல் அதற்கு ஒரு சட்டம் போட்டது. மாநில அளவிலான புகார் ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர். மாவட்ட அளவில்? கலெக்டர். கூட இருப்பவர் எஸ்.பி. அந்த ஏற்பாட்டின்படி, கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ் அடித்தால் அதே கலெக்டர் ஆபீஸுக்குள் போய்ப் புகார் கொடுக்க வேண்டும்.

மாஞ்சோலையில் குத்தகை 2028-ல்தான் முடிகிறது. அதற்கு முன்பே 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்துத் தொழிலாளர்களைக் கணக்கு முடித்தது. தோட்டத்தை அரசின் தேயிலைக் கழகமான டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்று கேட்டுப் போட்ட வழக்குகள் அந்த டிசம்பரில் ஐகோர்ட் மதுரைக் கிளையில் தள்ளுபடி ஆயின. 1999-ல் எந்தக் கூலிக்காகச் சிறைக்குப் போனார்களோ அந்த வேலையே இப்போது இல்லை.

ஜூலை 23 மட்டும் வருடா வருடம் வருகிறது. கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில் பூத்தூவ எல்லாக் கட்சியும் வருகின்றன, கொடியோடும் மாலையோடும். பாலத்திலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரை தடுப்புப் போட்டு நூற்றுக்கணக்கில் போலீஸ் நிற்கிறது. ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நேரம், அதற்குள் தூவிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.